மேலிருந்து குடியேறியவர்கள்

தம்பி, நீ கீறி அனுப்பிய வீட்டுப் படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்று அறை. ஒன்றில் உன் பெயரும் கௌரியின் பெயரும், ஒன்றில் கேள்விக்குறி, மற்றதில் 'அம்மா' என்று எழுதி, யன்னலுக்கு வெளியே இரண்டு மரமும் கீறியிருக்கிறாய். சின்ன வயதில் நீ கீறிய மரங்களும் இப்படித்தான் தண்டு மெலிந்து தலை பெருத்திருக்கும். ஹனோவரில் இப்படி ஒரு வீடு கிடைப்பது லேசில்லை என்றும், இந்த மாதம் முடிய முன்னர் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கலியாணம் ஆவணியில். அதற்கு முன்னால் நான் இந்த மலையைவிட்டு இறங்கி உங்களோடு வந்துவிட வேண்டும் என்பது உன் எண்ணம். ரெலிபோனில் நீ கேட்டபோது "பாப்பம்" என்றேன். நீ அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு படமும் கீறிவிட்டாய். அந்த அறைக்கு நான் வருவதா, இங்கேயே இருப்பதா என்பதற்கான பதில்தான் இந்தக் கடிதம். ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இடையில் பேசுவாய், பிறகு இரண்டு பேரும் என்ன சமைத்தாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி. சமூகக்கல்வி படிப்பித்த பழக்கம் என்னைவிட்டுப் போகாது. பதிலுக்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் வரும், பொறுத்துக்கொள்.

நாங்கள் மலை இல்லாத நாட்டுக்காரர். யாழ்ப்பாணத்தில் கீரிமலைக்குப் போய்த் தேடினாலும் மலையைக் காணமுடியாது. என் வகுப்பில் உலகப்படம் கீறும்போது மலை என்றால் மண்ணிறப் பென்சில், அவ்வளவுதான். பிள்ளைகள் நிறம் தீட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். அந்த மண்ணிறத்துக்குள் ஆட்கள் இருந்திருப்பார்கள், அவர்களுக்கும் ஒரு வரலாறு இருக்கும் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா செத்த பிறகு நான் உன்னிடம் வந்து சேர்ந்த அந்த மார்கழி உனக்கு நினைவிருக்கும். ஜேர்மனியின் தெற்கு எல்லையில் கிடக்கிற ஓபர்ஸ்டோர்ஃப் ஸ்ரேசனில் இருந்து நீ அப்போது வேலை செய்த ஹோட்டலுக்கு ஏறி வரும் வழியெல்லாம் நான் அண்ணாந்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். மத்தியானம் திரும்பியதுமே வெயில் மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துவிட்டது. இதென்ன, மனிசர் இருக்கிற இடமோ என்று கேட்டேன். நீ என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தபடி, "அம்மா, இஞ்சை எழுநூறு வருசமா ஆக்கள் இருக்கினம்" என்றாய். அது எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொன்னது என்றுதான் நினைத்தேன். உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

அதைச் சொல்லித் தந்தவர் வால்புர்கா. ஹோட்டலில் சூட்டுப்பெட்டியால் துணி மினுக்கும் அறையில் நான் காலையில் வேலைக்குப் போகத் தொடங்கியபோது, கட்டில் விரிப்பு மடிக்க எதிர்ப்பக்கத்தில் நின்ற மனுசி. பெரிய விரிப்பை ஒருவர் தனிய மடிக்க ஏலாது. இரண்டு பேர் நான்கு மூலையையும் பிடித்து, இழுத்து, கிட்ட வந்து, மறுபடி விலகிப் போக வேண்டும். அப்படிக் கிட்ட வரும் போதெல்லாம் அவ ஒரு வசனம் சொல்வா. என் ஜேர்மன் அப்போது மாலை வகுப்பு ஜேர்மன். அவவின் ஜேர்மனோ எந்த வகுப்பிலும் இல்லாதது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மச்சாளோடு அவ ரெலிபோனில் கதைத்தால், ஹம்பேர்க்கில் இருந்து வந்த எங்கள் மனேஜருக்கே ஒரு சொல்லும் விளங்காது. அந்த நேரத்தில் மனேஜரும் நானும் ஒரே வகுப்பு மாணவர். எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசம் இருந்ததை மறைக்கவில்லை.

அவவின் ஆட்களுக்கு வால்சர் என்று பெயர். இப்போது சுவிஸ் என்று சொல்லும் நாட்டில், ரோன் ஆறு தொடங்குகிற உயரமான பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு வாலிஸ் என்று பெயர். அங்கிருந்து வந்ததால் வால்சர். நம்முடைய பக்கத்தில் பாண்டியரும் சோழரும் சண்டை பிடித்து ஓய்ந்துகொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள். அந்தப் பள்ளத்தாக்கில் இருந்து சின்னச் சின்னக் கூட்டமாகக் குடும்பங்கள் புறப்பட்டன. ஏன் புறப்பட்டார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். சனம் கூடிவிட்டது என்கிறார்கள், பிரபுக்கள் கூப்பிட்டார்கள் என்கிறார்கள். கிழக்கே, தெற்கே, மலைக் கணவாய்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். இத்தாலியப் பக்கத்தில் சிலர், கிழக்கே இன்னும் பலர். கடைசியில் எங்கள் ஹோட்டல் யன்னலில் தெரிகிறதே அந்த முகடு, அதற்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்குவரை வந்து நின்றார்கள். அது ஒஸ்திரியா. ஆனால் ஒஸ்திரியாவில் இருந்து அங்கே போக ரோட்டு இல்லை, எங்கள் பக்கத்தால்தான் பஸ் போகவேண்டும். கடையில் ஜேர்மன் மார்க்தான் வாங்குகிறார்கள். வால்புர்காவின் முன்னோர் அங்கிருந்து முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியவர்கள்.

இதில் என்னை முதலில் பிடித்துக்கொண்டது ஒரு விசயம். உலகத்தில் எல்லா மனிதரும் ஆற்றோரமாக, கீழேயிருந்து மேலே குடியேறுவார்கள். நான் படிப்பித்ததும் அதுதான். நல்ல மண் கீழே. அது முடிந்தால் கொஞ்சம் மேலே. வால்சர் மேலேயிருந்து கீழே குடியேறியவர்கள். கணவாயால் வந்து, முதலில் கண்ட உச்சிப் புல்வெளியில் வீட்டைப் போட்டு, அங்கேயிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கினார்கள். ஏனென்று விரிப்பு மடிக்கும்போது கேட்டேன். வால்புர்கா சொன்னது ஜேர்மனில். எனக்கு அது எங்கள் தமிழிலேயே கேட்டது. "கீழை இருந்தவை நல்ல நிலத்தை முதலே பிடிச்சிட்டினம். எங்கடை ஆக்கள் மேலை பாத்தினம். அங்கை சண்டைக்கு வர ஒருத்தரும் இல்லை." சில இடங்களில் கீழே இருந்தவர்கள் இந்த மேல்வீட்டுக்காரருக்கு நிலம் விற்கக்கூடாது என்று கட்டுப்பாடே வைத்தார்களாம். நீ முதலில் வந்தபோது உனக்குக் கிடைத்த வேலை எது? எல்லோரும் வேண்டாம் என்று விட்ட பானை கழுவும் தொட்டி. அங்கே நின்றுதான் நீ அடுப்படியைப் பார்த்தாய், பிறகு Ausbildung என்கிற தொழிற்படிப்பை முடித்தாய், இன்றைக்குச் சமையலறையில் உன் குரலுக்குப் பத்துப்பேர் திரும்புகிறார்கள். உன்னை நான் ஒருநாளும் நேரே புகழ்ந்ததில்லை. வால்சரைப் புகழும்போது பாதி உன்னைத்தான் புகழ்கிறேன் என்று எடுத்துக்கொள்.

அவர்களிடம் எனக்கு இன்னும் பெரிய மதிப்பு வந்தது அவர்கள் செய்த ஒப்பந்தத்தைக் கேட்ட பிறகு. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் நிலம் உழுகிற கமக்காரன் பெரும்பாலும் பிரபுவின் சொத்து. நிலம் கைமாறினால் அவனும் கைமாறுவான். வால்சர் பிரபுக்களிடம் சொன்னது இதுதான்: நீங்கள் எறிந்து வைத்திருக்கிற உச்சி நிலத்தை நாங்கள் துப்புரவாக்கித் தருகிறோம், சண்டை வந்தால் ஈட்டியோடு வருகிறோம். ஆனால் நாங்கள் ஒருவருக்கும் அடிமை இல்லை. நிலம் பிள்ளைக்கும் பிள்ளையின் பிள்ளைக்கும் போகும். வாடகையை ஒருமுறை பேசினால் பேசியதுதான், பிறகு கூட்டக்கூடாது. சின்ன வழக்குகளை எங்கள் ஆட்களே தீர்ப்பார்கள். பிரபுக்கள் ஒப்புக்கொண்டார்கள், ஏனென்றால் அங்கே போய் இருக்க வேறு ஆள் இல்லை. பிறகு பெரிய அரசுகள் வந்து அந்த உரிமைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டன என்பதும் உண்மை. அவர்கள் தெய்வப்பிறவிகளும் இல்லை. கீழேயிருந்து வந்த மருமகனோடு தன் பாட்டனார் சாகும்வரை கதைக்கவில்லை என்று வால்புர்காவே சொன்னா. ஆனாலும் எழுதப்படிக்கத் தெரியாத சனம், பனிக்குள் நின்று, இவ்வளவு தெளிவாகப் பேரம் பேசியிருக்கிறது. தன் கையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

தம்பி, கலியாணம் கட்டப்போகிறவனுக்கு இதில் ஒரு பாடம் உண்டு, அதைச் சொல்லாமல் போகமாட்டேன். கூட்டக்கூடாத வாடகை. கௌரி இன்றைக்கு உனக்காக எதைச் செய்ய மனமுவந்து ஒத்துக்கொள்கிறாளோ, அதை வருடா வருடம் கூட்டாதே. இந்த வருடம் தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள் என்றால், அடுத்த வருடம் அது அவளுடைய கடமை, அதற்கடுத்த வருடம் சீனி குறைவு என்று குறை. அப்படித்தான் பல வீடுகளில் நடக்கிறது. எங்கள் வீட்டிலும் நடந்தது. அப்பா நல்ல மனிதர், ஆனால் கூட்டிக்கொண்டே போவார். நானும் விட்டேனா? பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த களைப்பில் நான் அவரிடம் எதிர்பார்த்ததையும் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் இரண்டு பேரும் கட்டமுடியாத வாடகைக்குள் இருந்தோம். நீ அவளிடம் ஒருமுறை பேசு, தெளிவாகப் பேசு, பிறகு பேசியதில் நில். அவளும் நிற்பாள். அந்தப் பிள்ளையைப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே, தான் பல் வைத்தியரிடம் படிக்கிற படிப்பை முடிக்காமல் ஹனோவரைவிட்டு அசையமாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாளே. அவளுடைய தாய்க்கு முகம் கறுத்துப்போனது. எனக்கோ எழுந்து கைதட்டலாம்போல் இருந்தது.

இனி, உனக்கு அரைவாசி மட்டும் தெரிந்த ஒரு கதை. போன வருடம் இலையுதிர்காலத்தில் வால்புர்காவின் மகன் மார்ட்டின் மேல் சரிவில் இருந்த அவர்களுடைய பழைய வீட்டைக் கழற்றி இறக்கினானே. தாய்க்கு வயது போகிறது, சரிவும் மழைக்கு மழை இளகுகிறது, ரோட்டோரம் கொண்டுவந்து வைக்கலாம் என்று. வீட்டைக் கழற்றுவது என்றால் என்ன என்று நான் கேட்டேன். தச்சன் ரொனி எனக்குச் சொன்னான்: அவர்களின் பழைய சட்டத்தில் மரவீடு நிலத்தோடு சேர்ந்த சொத்தே அல்ல. மாடு, கட்டில், பெட்டி மாதிரி எடுத்துக்கொண்டு போகக்கூடிய சாமான். ஆணி இல்லாமல், மரத்துக்கு மரம் மூலையில் கொளுவி அடுக்கிய வீடு. ஒவ்வொரு மரத்திலும் அடையாளம் வெட்டிவிட்டு, பிரித்து, வேறு இடத்தில் அதே ஒழுங்கில் அடுக்கினால் அதே வீடு. நான் கொஞ்சநேரம் அந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எங்களுடைய வீடு கல்லும் சீமெந்தும். நிலத்தோடு நின்றது, சண்டையில் நிலத்தோடு போனது. வீட்டையும் மாட்டையும் ஒரே கணக்கில் வைத்த சனத்தை நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது.

ஒரு சுவரின் மரம் மற்றச் சுவரின் மரத்தோடு மாறிப்போகாமல் இருக்க, சுவருக்குச் சுவர் வேறு அடையாளம் வேண்டும். ஒரு சுவருக்கு ரொனி கீறல்கள் வெட்டினான். இன்னொன்றுக்குப் பழைய மணிக்கூட்டில் இருப்பது போன்ற உரோம இலக்கங்கள். மூன்றாவதற்கு அவர்களுடைய எழுத்து. நாலாவது சுவருக்கு என்ன செய்வது என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றவன், கோப்பி கொண்டுபோன என்னைப் பார்த்துச் சிரித்தான். ரீச்சர், உங்களிட்டையும் ஒரு எழுத்து இருக்குமே என்றான். அப்படிக் கேட்டவனுக்கு நான் காட்டாமல் விடுவேனா? தச்சர் பிடிக்கிற தடித்த சிவப்புப் பென்சிலை வாங்கி, அ, ஆ, இ, ஈ என்று ஒவ்வொரு மரத்தின் தலையிலும் எழுதிக்கொண்டு போனேன். பனி அழித்துவிடும் என்று ரொனி அதை உளியால் வெட்டத் தொடங்கினான். முதல் எழுத்திலேயே அவனுக்கு வேர்த்துவிட்டது. "ஏன் உங்கடை எழுத்தெல்லாம் இப்பிடி வளையுது? மரத்திலை வெட்டின ஆக்களே இல்லையோ?" என்று கேட்டான். நாங்கள் ஓலையில் எழுதினவர்கள், நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழிந்துவிடும், அதனால்தான் வளைத்தோம் என்று சொன்னேன். அவன் உளியைக் கீழே வைத்துவிட்டு அதை யோசித்தான். தங்களுடைய எழுத்து நேராக இருப்பதும் மரத்தாலும் கல்லாலும்தான் இருக்கும் என்றான். முப்பது வருடம் படிப்பித்ததில் இப்படி ஒரு மாணவன் எனக்கு வாய்த்தது குறைவு.

அந்த வருடம் பனி முந்திவிட்டது. மரங்களை ரோட்டோரத்தில் அடுக்கி மூடிவிட்டார்கள். இந்த வசந்தத்தில், நீ ஹனோவருக்குப் போக முன்னர், அத்திவாரம் போட்டு நான்கு சுவரையும் ஒன்றாக ஏற்றத் தொடங்கியபோது, நாலாவது சுவரின் எழுத்தை வாசிக்க மார்ட்டின் ஹோட்டலுக்கு ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டான். அன்றைக்கு உனக்கு லீவு. நீ பெரிய பானையில் சூப் காய்ச்சிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, பானையோடு திரும்பிப் போய்விட்டாய். நீ போனபிறகுதான் விளையாட்டு நடந்தது. சாரம் கட்டி அதன் பலகையில் ஏறி நின்ற நான்கு ஆண்கள், கீழே நான். நான் "அ" என்பேன், அவர்கள் அந்த மரத்தைத் தேடிப் பிடித்து "ஆ...?" என்பார்கள். இல்லை, அது ஆ, இது அ என்று நான் திருத்துவேன். எல்லோரும் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டே தூக்கினார்கள். ரோட்டால் போன உல்லாசப் பயணிகள் நின்று படம் எடுத்தார்கள். எனக்கு ஒரு வகுப்பறை திரும்பக் கிடைத்த சந்தோசத்தில் குரல் உயர்ந்துகொண்டே போனது. மூன்று மரம் ஏறியது. நாலாவது மரம் மூலைக் கொளுவலில் இருக்க மறுத்தது. தட்டினார்கள், செதுக்கப் பார்த்தார்கள், யன்னல் வரக்கூடாத அடியில் யன்னலுக்கு வெட்டிய இடம் வந்து நின்றது. அரைநாள் போனது. கடைசியில் ரொனி ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். நான் எந்தப் பக்கத்தில் இருந்து எழுதத் தொடங்கினேன் என்று கேட்டான். மேலேயிருந்து என்றேன். வேறெங்கேயிருந்து தொடங்குவது? கரும்பலகையில் ஒருத்தரும் கீழேயிருந்து எழுதமாட்டார்களே.

அடிமரம் உக்கிப்போய்ப் புதிய மரம் போட்டிருந்ததால், எது முதல் மரம் என்று அவர்களுக்கும் பார்த்த பார்வையில் தெரியவில்லை. தச்சனுக்கு ஒன்று என்றால் அது அடியில் இருப்பது. எனக்கு அ என்றால் அது உச்சியில் இருப்பது. வீட்டைத் தலைகீழாக அடுக்கியிருக்கிறோம். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரொனி தொப்பியைக் கழற்றிவிட்டு மிக மரியாதையாகக் கேட்டான்: "ரீச்சர், உங்கடை நாட்டிலை வீட்டைக் கூரையிலிருந்தோ கட்டுறவை?" சாரத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். வால்புர்கா கதிரையில் இருந்தபடி, சிரிக்காமல், தன் தடியால் ரொனியின் சப்பாத்தைத் தட்டினா. "நீ வாயை மூடு. நாங்களும் இந்த நாட்டுக்கு மேலையிருந்துதான் வந்தனாங்கள்." பிறகு ஏற்றிய மரங்களை எல்லாம் இறக்கி, கடைசி எழுத்தில் இருந்து தொடங்கி மேலே ஏறினார்கள். அடுத்தநாள் பின்னேரம், வெயில் ஒளிவதற்கு முன், அ உச்சியில் போய் இருந்தது. யன்னல் யன்னலின் இடத்தில் வந்தது.

அந்த யன்னல் மேல்மாடியில் உள்ள ஒரு அறையின் யன்னல், தம்பி. அந்த அறையைத்தான் வால்புர்கா எனக்குத் தரப்பார்க்கிறா. நீ ஹனோவரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஹோட்டல் ஆட்கள் இருக்கிற இந்த வீட்டில் நான் நெடுகவும் இருக்க ஏலாது என்று அவவுக்குத் தெரியும். ஒருநாள் விரிப்பு மடித்துக்கொண்டிருக்கையில், கிட்ட வந்து மூலையைக் கையில் தரும்போது சொன்னா: "மேலை அறை சும்மா கிடக்குது. படிக்கட்டு செங்குத்து, அது ஒரு குறை. இரவிலை நான் றேடியோ பெலமாப் போடுவன், அது மற்றக் குறை. வாடகை ஒருக்கால் சொன்னாப் பிறகு கூட்டமாட்டன். எங்கடை ஆக்களுக்கு அது பழகிப்போச்சு." என் மகன் எனக்கு ஒரு அறை பார்த்திருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவ தலையாட்டிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தா.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கணவாயைத் தாண்டிப் போனவர்களைப் பற்றி வால்புர்கா சொன்னா, ஹோட்டல் அலுமாரியில் இருக்கிற புத்தகங்களும் சொல்கின்றன. எந்த வழியால் போனார்கள், எங்கே நின்றார்கள், எப்படி வீடு கட்டினார்கள். ஆனால் போனவர்களுக்கு எல்லாம் ஒரு தாயும் தகப்பனும் இருந்திருப்பார்களே. வாலிஸ் பள்ளத்தாக்கு வெறிச்சோடிப் போய்விடவில்லை, இன்றைக்கும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அங்கேயே இருந்துவிட்டவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மாட்டையும் குழந்தையையும் விதையையும் கட்டிக்கொடுத்துவிட்டு, முகட்டில் மறையும்வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து அடுப்பை மூட்டியிருப்பார்கள். அவர்களும் போயிருக்கலாம். போகாததற்குப் பாசம் இல்லை என்று காரணம் சொல்ல முடியுமா? தங்கள் புல்வெளி அவர்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஒருமுறை நானும் அப்படி நின்றிருக்கிறேன். உன்னைக் கொழும்புக்கு ரயில் ஏற்றிவிட்டபோது. ஆனால் அது நான் விரும்பி நின்றது இல்லை. அன்றைக்கு எனக்கு வேறு வழி இல்லை, உனக்கும் இல்லை. பிறகு உன்னிடம் வந்ததும் வேறு வழியில்லாமல் வந்ததுதான். அறுபது தாண்டிய பிறகு, முதல்முறையாக, போவதா இருப்பதா என்று ஒருவர் என்னைக் கேட்கிறார். நீயும் கேட்கிறாய், வால்புர்காவும் கேட்கிறா. இந்தக் கேள்விக்கு நான் என் விருப்பத்தைச் சொல்லாமல் உன் விருப்பத்தைச் சொன்னால், எனக்குக் கிடைத்ததை நானே கையால் தட்டிவிட்டதாகும்.

எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. இதை உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் வந்த முதல் வருடம் முழுக்க இந்தக் குளிரை உன்னிடம் திட்டித் தீர்த்திருக்கிறேன். துணி மினுக்கிற அறையின் சூடு பிடித்திருக்கிறது. மத்தியானம் வால்புர்காவோடு பால்காரன் வீடுவரை நடப்பது பிடித்திருக்கிறது. வழியில் ரொனி தூரத்தில் நின்று "அ" என்று கத்துவான், நான் "ஆ" என்று கத்த வேண்டும், அது இப்போது ஊருக்குள் எனக்கு வைத்த வணக்கம். ஹனோவரில் எனக்குத் தமிழில் கதைக்க நிறையப்பேர் இருப்பார்கள் என்று உன் மாமியார் இரண்டுமுறை சொல்லிவிட்டா. "அக்கா, அந்த மலையிலை தனிய இருந்து என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டா. நல்ல மனதோடுதான் கேட்டா. ஆனால் அங்கே நான் யார் என்றால் உன் தாய், கௌரியின் மாமி, பிறகு ஒருநாள் பேரப்பிள்ளையின் அப்பம்மா. எல்லாம் நல்ல உத்தியோகம்தான். இங்கே நான் ரீச்சர்.

பேரப்பிள்ளை தமிழை மறந்துபோகுமே என்று நீ யோசிப்பாய். வால்சர் தங்கள் வீடுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டவில்லை. ஒவ்வொரு வீடும் தன் புல்வெளியின் நடுவில் தனியே. ஆனால் ஒரு வீட்டில் இருந்து கூப்பிட்டால் மற்ற வீட்டுக்குக் கேட்கும். அந்தப் பேச்சு இத்தனை தலைமுறைக்கு அழியாமல் இருந்தது அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இது ஆராய்ச்சி இல்லை, என் எண்ணம் மட்டும். நீங்கள் பிள்ளையோடு தமிழில் கதையுங்கள். கோடை விடுமுறைக்கு என்னிடம் அனுப்புங்கள். நான் ஹம் நகரத்தில் இருக்கிற எங்கள் ஆட்களின் கோயில் திருவிழாவுக்கு வருவேன், தைப்பொங்கலுக்கு வருவேன், கௌரிக்குப் பிள்ளை பிறந்தால் அவள் போதும் என்று சொல்லும்வரை வந்து நிற்பேன். சனி ஞாயிறு ரெலிபோனில் கதை சொல்வேன். கூப்பிடு தூரம் என்பது இப்போது கொஞ்சம் நீண்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

கௌரிக்கு இதை நான் முதலே சொல்லிவிட்டேன். நீ கோபிக்காதே. என் முடிவுக்கு அவள் மேல் பழி விழக்கூடாது என்று நினைத்தேன். "மாமி, நீங்கள் வராட்டில் சனம் என்னைத்தான் சொல்லும். வந்தவுடனை தாயையும் மகனையும் பிரிச்சுப்போட்டாள் எண்டு" என்றாள் அவள். அது வெறும் பயம் இல்லை என்று எனக்கும் தெரியும். நாலு கலியாண வீட்டில் அவளுடைய பெயர் அடிபடும். "சனத்துக்கு நான் மறுமொழி சொல்லுறன், பிள்ளை. நீ உன்ரை படிப்புச் சோதினையைப் பார்" என்றேன். பிறகு அவள் ஒன்று கேட்டாள், அது எனக்கு மிகவும் பிடித்தது. அந்த அறையில் வெயில் வருமோ மாமி என்று கேட்டாள். வரும், காலையில் வரும் என்றேன். அப்ப சரி என்றாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இந்தப் பிள்ளையோடு நீ நன்றாக இருப்பாய்.

உனக்கு என்மேல் கோபம் வரும். அம்மா தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டா என்று தோன்றும். அப்படித் தோன்றும்போது, நீ பெட்டி கட்டிய நாளை நினைத்துப் பார். அன்றைக்கு நீ என்னை வேண்டாம் என்றா போனாய்? ஆட்கள் உன்னிடம் கேட்டால், அம்மாவைத் தனிய விட்டுவிட்டாயே என்று சொன்னால், தலையைக் குனியாதே. அவ வரமாட்டன் எண்டிட்டா, அவவுக்கு அங்கை வேலை இருக்கு, வீடு இருக்கு என்று சொல். அதற்குமேல் கேட்டால் என் நம்பரைக் கொடு, நான் கதைத்துக்கொள்கிறேன். உன் நண்பர்களுக்கு எல்லாம் என் குரல் தெரியும்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இதுதான். வீட்டுக்காரரிடம் மூன்று அறை வேண்டாம், அதே கட்டடத்தில் இரண்டறை வீடு இருக்கிறதா என்று கேள். இருந்தால் அதற்குக் கையெழுத்து வை. இல்லையென்றால் மூன்றறையையே எடு, ஆனால் அந்த அறையை எனக்கென்று பூட்டி வைக்காதே, கௌரி படிக்க ஒரு மேசை போட்டுக்கொடு. நான் வைகாசி கடைசியில் வால்புர்கா வீட்டுக்கு மாறுகிறேன். சாமான் தூக்க நீ வரவேண்டாம், மார்ட்டினும் ரொனியும் இருக்கிறார்கள். படிக்கட்டு செங்குத்து என்பதால் ஆளாளுக்கு என்னைப் பயமுறுத்துகிறார்கள், நான் பக்கவாட்டாக இறங்கிப் பழகிவிட்டேன்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து நிற்பேன். பலகாரம் சுடுவது, மாலை கட்டுவது, வந்தவர்களை உபசரிப்பது எல்லாம் என் பொறுப்பு, மாப்பிள்ளையின் தாய் செய்ய வேண்டியதில் ஒன்றும் குறையாது. எல்லாம் முடிந்த அடுத்தநாள், சனம் இன்னும் படுத்து எழும்பாத நேரத்தில், உன் மாமியார் ஏன் அக்கா அவசரம், இன்னும் நாலு நாள் நிண்டிட்டுப் போங்கோ என்று கையைப் பிடிப்பா. நான் என்ன சொல்வேன் என்று இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இல்லைப் பிள்ளை, வீட்டுக்குப் போகோணும் என்பேன். அப்பா இறந்த பிறகு, அந்த வசனத்தை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

அம்மா